கரியும் புகையும் நம் மக்களும்



கொடுமுடிச் சுற்றுப்புறத்தில் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காய்ச்சும் கொட்டகைகளை அறியாதார் நம்மில் இலர். கொப்பரையருகே நின்று பாகின் பதம் பார்ப்பவர் ஒருவர். அடுப்பின் வாயில் குந்திக் கரும்புச் சக்கையைத் தள்ளுபவர் வேறொருவர். அந்த இரண்டாமவர் பெரும்பாலும் நம் வீட்டார். அவர் விழுங்கும் புகையைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

தீக்குப் போதிய காற்று கிடைத்தால் சக்கை முழுதும் எரிந்து சாம்பலாகும். சக்கை ஈரமாயிருப்பினும், காற்று குறையினும், எரிதல் பாதியில் நின்றுவிடும். அப்போது எழும் கரும்புகையில் பென்சோபைரீன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்துள்ளது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு வகுத்த காற்றுத் தர வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 1 நானோகிராமுக்கு மேல் அதற்கு இடம் தரவில்லை. ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! நம் தாய்மார் ஊதும் விறகடுப்பிலும் இந்நஞ்சு பிறக்கிறது.

இதன் வரலாறு ஏழைச் சிறுவரிடமிருந்தே தொடங்குகிறது. இலண்டனில் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி சுரண்டச் சின்னஞ்சிறு பிள்ளைகளை அனுப்பினர். வளர்ந்தபின் அவர்களுக்கு விதைப்பையில் புற்று கண்டது. மேகநோய் என்று சொல்லிப் பழியையும் அவர்கள் மீதே சுமத்தினர். (இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று.) கரியே காரணம் என்று 1775இல் எழுதியவர் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர். நிலக்கரித் தாரிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தது 1933இல்தான்.

அதற்கு முன்பே, 1892இல், பட்லின் என்னும் மருத்துவர் ஒன்றைக் கண்டுரைத்தார். ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் அதே தொழிலைச் செய்தோர் உடலை மூடும் ஆடை அணிந்தனர், நாள்தோறும் குளித்தனர், அவர்களிடையே இந்நோய் அரிதாயிருந்தது. நஞ்சின் பெயர் தெரியாத காலத்திலேயே நீரும் துணியும் உயிர் காத்தன.

நம் கொட்டகைக்கு வருவோம். சக்கையை நன்கு உலர்த்தியே அடுப்பில் இடவேண்டும். பழைய டயரை இடச் சொன்னால் மறுக்கவேண்டும். வேலை முடிந்ததும் குளிக்க நீரும் சவுக்காரமும், மாற்றுடை வைக்க ஓரிடமும் கேட்கவேண்டும். கூலி பேசும் நாளிலேயே இதையும் சேர்த்துப் பேசுவது நலம். ஆலை ஓடத் தொடங்கியபின் கேட்டால் காதில் விழாது.