தலை சுற்றாவிட்டாலும் பிரஷர் இருக்கும்



"தலைசுற்றல் நின்றுவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். உள்ளே நடப்பது வேறு. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள், பிரஷர் உள்ளவரின் சிறுநீரகத்துக்குள்ளும் புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. பிரஷர் மேலும் ஏறுகிறது. இந்த அணுக்களில் டி, பி வகைகள் இல்லாத சுண்டெலிகளுக்குப் பிரஷர் குறைவாகவே ஏறியதை 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். டி அணுக்களைச் செலுத்தியதும் கூடுதலாக ஏறியது.

இந்தச் சேதத்துக்கு வலி கிடையாது. அளந்தால்தான் தெரியும்.

கருவாட்டையும் உப்புச் சம்பலையும் குறையுங்கள். இடுப்பு வலிக்கென்று கடையில் அடிக்கடி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் சொல்லாமல் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கிளினிக் போகும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. அதுவே எமது கோரிக்கை!