உறுமலுக்குள்ளே ஒரு பயம்

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே கையில் கம்பு இல்லாத குறையாக அமர்ந்திருக்கிற நண்பர்களே! காற்றிலேயே ஏலக்காயைக் கலந்து வைத்திருக்கிற போடிநாயக்கனூர்ப் பெருமக்களே!

'கடிக்கிற நாயைத் திருத்துவது கண்டிப்பா, கனிவா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்றார். ஐயா, அவருடைய அண்ணன் தம்பியை முதலில் விசாரிக்கணும்! (சிரிப்பு) அடுத்து, "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று கேட்டார். யாருய்யா நிமிர்த்தச் சொன்னது? அது வளைஞ்சே இருக்கட்டும். அந்த வால் சில நேரம் காலுக்கு நடுவுல ஒளியுதே, அது ஏன்னு கேளுங்க. அதுதான் எங்கள் கட்சி.

என் அக்காவை இந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்தோம். மாமாவுக்குப் போடிமெட்டுப் பக்கம் சின்னதா ஒரு ஏலத்தோட்டம். 17 கொண்டை ஊசி வளைவு ஏறணும். அங்கே கருப்பன் என்று ஒரு நாய். கோம்பை நாய். உங்களுக்கு நான் சொல்லணுமா? நம்ம தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பேரையே இனத்தின் பேராக வாங்கிய நாய். காட்டுப்பன்றிக்கே அஞ்சாது என்று பேர் எடுத்த நாய். குட்டியிலேயே கொண்டு வந்து, இரண்டு முழச் சங்கிலியில் கட்டினார் மாமா. மூணு வருஷம் அவிழ்க்கவே இல்லை. கட்டிப் போட்டால்தான் காவல் காக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

ஒருநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. காயெடுக்கிற பெண்கள் இறங்கினார்கள். சங்கிலி அறுந்தது. ஒரு அம்மாவின் கெண்டைக்காலைக் கருப்பன் கவ்விவிட்டான். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசி போட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இரண்டு வாரக் கூலி போச்சு.

மாமா எனக்குப் போன் போட்டார். "மாப்ள, சுட்டுடலாமா? இல்ல, கேரளா எல்லை தாண்டி விட்டுட்டு வந்துரலாமா?"

"மாமா, கருப்பனுக்கு மலையாளம் தெரியாதே!" என்றேன். (சிரிப்பு) சிரித்துவிட்டேன், ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு மலை ஏறினேன். சின்னப் பொண்ணு. அந்த டாக்டரம்மா முதலில் பார்த்தது நாயை இல்லை ஐயா, சங்கிலியை! தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். நாயின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் கேள்வி மட்டும்தான் கேட்டார். எப்போது உறுமும்? எந்தச் சத்தத்துக்கு நடுங்கும்? ராத்திரியில் பன்றி விரட்ட வெடி போடுவீர்களா?

பத்து நாள் கண்காணித்து, வெறிநோய் இல்லை என்று உறுதி செய்தார். காதுக்குள் சீழ். கழுத்தில் பட்டை அறுத்த புண். யார் கிட்ட வந்தாலும் வலி. அப்புறம் சொன்னார்: "சார், இவன் கோபக்காரன் இல்ல, பயந்தாங்கொள்ளி. பயந்த நாய்க்கு ரெண்டு வழி. ஒண்ணு ஓடணும், இல்லன்னா கடிக்கணும். ஓடுற வழியை நீங்க சங்கிலி போட்டு அடைச்சிட்டீங்க."

குட்டி பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14-ஆவது வாரம் வரைக்கும்தான் உலகத்தோடு பழகுகிற பருவமாம். அந்த நேரத்தில் கருப்பன் பார்த்த உலகம் இரண்டு முழம்!

சரி, வைத்தியம் என்ன? முதலில் காது வலிக்கு மருந்து. அப்புறம் சங்கிலிக்குப் பதில் வேலியடைத்த முற்றம். வாய்க்கூட்டை வற்புறுத்தி மாட்டாமல், அதற்குள் தீனி வைத்துப் பழக்கம். பிறகு ஜீப். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டதும் ஒரு துண்டு கறி. 1904-இல் நோபல் பரிசு வாங்கினாரே ரஷ்யாவின் பாவ்லோவ், அவர் நாய்களிடம் கண்டுபிடித்த பாடம்தான் இது. சத்தத்துக்குப் பின்னால் சாப்பாடு வந்தால், சத்தமே இனிக்கும். உடம்பு விறைத்தால் ஜீப் பின்னால் போகணும். நாயை முன்னால் இழுக்கக் கூடாது. பதற்றத்துக்கு மருந்தும் உண்டு. பிரிவைத் தாங்காத நாய்களுக்கு மனிதர்களின் மனச்சோர்வு மருந்து ஒன்றையே 2007-இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் மருத்துவர் சொல்லித்தான் கொடுக்கணும்.

எதிரணி நண்பரே, உறுமினால் அடி என்கிறீர்களே, உறுமல் என்ன? 'கிட்ட வராதே' என்று நாய் தருகிற முன்னறிவிப்பு. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை அறிவிப்பு இல்லாமலே கடிக்கும். எச்சரிக்கை மணியை உடைத்துவிட்டு, தீ அணைந்துவிட்டது என்கிறீர்களே! (கைதட்டல்)

சட்டம் என்ன சொல்கிறது? எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாயை நடமாட விடாமல் இருப்பது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. முதல் தவறுக்கு அதில் எழுதிய அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். சங்கிலி விலையைவிடக் குறைவு!

தமிழ் என்ன சொல்கிறது? நாலடியார், நட்புக்கு யானையைவிட நாயே மேல் என்கிறது. எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் அது வால் ஆட்டுமாம். நாயின் பெருமையைச் சொன்ன பாட்டு அது. நாமோ, வேல் எறிய அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

கருப்பன் இன்று ஆட்டுக்குட்டி ஆகிவிட்டானா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். ஏழு மாசம் ஆச்சு. ஜீப் வந்தால் படுத்தபடி பார்க்கிறான். புது ஆள் வந்தால் வாய்க்கூடு உண்டு. கடிபட்ட அம்மாவுக்கு மாமா மருந்துச் செலவும் இரண்டு வாரக் கூலியும் கொடுத்தார். அவர் நடக்கிற பாதையை முற்றத்தைவிட்டுத் தள்ளிப் போட்டார். அந்த அம்மா இன்றும் கருப்பன் பக்கம் போவதில்லை. போகவும் வேண்டாம்! நாய்க்குக் காட்டுகிற கனிவை அந்தக் காலுக்கும் காட்டினால்தான் அது கனிவு.

தேனியிலேயே 2020-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இனியும் கம்பை நம்ப வேண்டுமா? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நாயின் சங்கிலியை முழம் போட்டுப் பாருங்கள். அதன் நீளம் நாயின் குணத்தைச் சொல்லாது. நம்ம குணத்தைச் சொல்லும்.