குடல் அழற்சியும் பத்தியமும்

(சூரமங்கலத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டது சபையில் பேசக் கூசும் விஷயம். மலத்தோடு இரத்தமும் சீதமும் போவதும், நாளொன்றுக்குப் பத்து முறை கொல்லைக்கு ஓடுவதும், வயிற்றைப் பிசையும் வலியும் வெளியிற் சொல்லத் தகாதவை என்றே நம்மவர் எண்ணி வந்திருக்கின்றனர். அவ்வெண்ணத்தினாலேயே வியாதி முற்றுகின்றது. ஆகையால் கூச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, நீடித்த குடல் அழற்சி என்னும் வியாதியையும், அதில் ஆகாரத்திற்கு உரிய இடத்தையும் சிறிது ஆராய்வோம்.

இவ்வியாதி பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலின் உட்புறச் சவ்வு புண்ணாவது ஒன்று. அதனை அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்பர். வாய் முதல் ஆசனவாய் வரையில் எவ்விடத்திலும் தோன்றி, குடற்சுவரின் முழு ஆழத்தையும் பற்றக்கூடியது மற்றொன்று. 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து வைத்தியரான கிரோன் என்பவரும் அவருடைய துணைவர் இருவரும் இதனை விவரித்து எழுதினமையால் இதற்குக் கிரோன் வியாதி என்று பெயர். இரண்டும் பெரும்பாலும் இளவயதில் தொடங்குபவை. அடங்குவதும் கிளம்புவதுமாய்ப் பல்லாண்டு தொடர்பவை. இரண்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுபவை அல்ல.

இது மேனாட்டார் வியாதி, நம்மை அணுகாது என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அது பொய்த்தது. மலேசியாவில் ஈப்போ நகரைச் சார்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை கணக்கெடுத்தபோது, மலாய்க்காரரினும் சீனரினும் இந்திய வம்சத்தாரிடையே இவ்வியாதி மிகுதியாய்த் தோன்றக் கண்டனர். அந்நாட்டு இந்தியரிற் பெரும்பாலோர் தமிழரே என்பது நாம் அறிந்ததன்றோ? ஆகவே நமக்கு வராது என்று இருத்தல் தகாது.

இனி, அழற்சி என்பது யாது? அழல் என்றால் தீ. இச்சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் அதனைச் ‘சூடு’ என்று கொண்டுவிடுகின்றனர். இரத்தம் கண்டால் மூலச்சூடு என்பர். வயிறு கலங்கினால் உடம்புச் சூடு என்பர். உண்மை வேறு. நம் தேகத்தில் கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. குடலில் இயல்பாய் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களோடு அப்படை சமாதானமாய் இருத்தலே ஆரோக்கியம். பிறவிக் கூறும் சூழ்நிலையும் சேர்ந்து அச்சமாதானம் குலையுங்கால், காவற்படை தான் காக்கவேண்டிய வீட்டையே தாக்குகின்றது. அதனால் உண்டாகும் வீக்கமும் புண்ணும் இரத்தப் பெருக்குமே அழற்சியாம். முட்டையும் மாம்பழமும் உண்டதனால் மூண்ட தீ அன்று அது. இளநீரும் வெந்தயமும் கொண்டு அணைக்கத்தக்க தீயும் அன்று.

இவ்விரண்டையும் ஒன்றாய்க் கருதுவதனால் விளையும் கேடு பெரிது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இவ்வியாதி வந்துவிட்டால் முதலில் நாம் செய்வது பத்தியம் வைப்பது. முட்டை சூடு என்பர். பருப்பு வாயு என்பர். தயிர் சளி என்பர். மீன் கரப்பான் என்பர். இவையெல்லாம் கழிந்தபின் எஞ்சி நிற்பது சவ்வரிசிக் கஞ்சியும் ரசஞ்சாதமுமே. சவ்வரிசி நம் சேலம் நாமக்கல் சீமையின் பெருஞ்சரக்கு. மரவள்ளி பயிரிட்டும் ஆலை நடத்தியும் வாழ்வோர் நம்முள் பலர். அது ஜீரணத்திற்கு எளியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஏறக்குறைய மாவுச்சத்து மாத்திரமே. 100 கிராம் சவ்வரிசியில் ஒரு கிராம் புரதமும் இல்லை.

குடல் புண்ணாகி இரத்தமும் சத்தும் கசிந்தோடும் காலத்தில் தேகத்திற்குப் புரதம் குறைவாக அன்று, அதிகமாக வேண்டும். எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டுமென வைத்தியர் வகுத்துள்ளனர். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம் ஆகும். நாமக்கல் முட்டை தேசமெங்கும் போகின்றது. அதே ஜில்லாவில் நோயுற்ற பிள்ளைக்கு முட்டையை மறுப்பது என்ன நியாயம்? முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் உண்டு. இரண்டு முட்டையும், குழைய வேகவைத்த பருப்பு 50 கிராமும், தயிராகவேனும் மோராகவேனும் 400 மில்லி பாலும், 100 கிராம் மீனும், 200 கிராம் அரிசியும் சேர்ந்தால் ஏறக்குறைய 70 கிராம் கிடைத்துவிடும். சைவர்கள் முட்டைக்கும் மீனுக்கும் ஈடாகப் பருப்பும் தயிரும் பனீரும் கூட்டிக்கொள்ளலாம். பால் ஒவ்வாதார் பாலை மாத்திரம் விலக்கினால் போதும்; தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

நார்ச்சத்தைப் பற்றியும் காலமறிந்து நடத்தல் வேண்டும். வியாதி கிளம்பியிருக்குங்கால் வாழைத்தண்டும், கொய்யா விதையும், தவிடு நீக்காத கம்பும் வருத்தும். இட்லி, குழைந்த சாதம், மசித்த காய் ஆகியவை ஏற்கும். அடங்கியபின் கேழ்வரகையும் கீரையையும் காய்கனிகளையும் சிறிது சிறிதாய்த் திரும்பச் சேர்த்தல் நலம். ஏனெனில் நார்ச்சத்தை உண்டு குடல் நுண்ணுயிர்கள் ஆக்கும் அமிலங்களே பெருங்குடற் சவ்வுக்கு ஊட்டமாகின்றன. குடல் சுருங்கிக் குறுகியுள்ள கிரோன் நோயாளிகள் மாத்திரம் வைத்தியரைக் கேளாது நாரைக் கூட்டலாகாது. பொட்டலத்தில் அடைத்து வரும் பண்டங்களையும் குளிர்பானங்களையும் எல்லோரும் குறைப்பது நன்று. கிரோன் வியாதியுள்ளவர் புகைத்தலை அறவே விடவேண்டும். அது வியாதியை வளர்ப்பது உறுதி.

மஞ்சளைப் பற்றிக் கேட்பார் பலர். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் சத்தை வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்து, பெருங்குடல் அழற்சியுள்ளோரிடம் ஜப்பானில் 2006-லும், இஸ்ரேல் முதலிய இடங்களில் 2015-லும் சோதித்ததில் பயன் கண்டதுண்டு. ஆயினும் பின்னதில் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 3 கிராம் குர்க்குமின். மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே இருப்பதால், அதனைப் பெற 100 கிராம் மஞ்சள்தூள் விழுங்கவேண்டும்! குழம்பிலிடும் மஞ்சள் சமையலுக்கு அழகு, மருந்துக்கு மாற்றன்று. குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவரும் உளர். வைத்தியர் அறியாமல் உண்ணலாகாது.

ஆகாரமே மருந்தாகும் இடமும் ஒன்று உண்டு. கிரோன் வியாதியுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை, சத்துக்கள் யாவும் அளவாய்ச் சேர்ந்த திரவ உணவை மாத்திரம் கொடுத்தால், பெரும்பாலோர்க்கு அழற்சி தணிகின்றது. இது வைத்தியர் மேற்பார்வையில் செய்யத்தக்கது. பட்டினியோ இதற்கு நேர் எதிர். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பது ஒருநாள் அஜீரணத்திற்குப் பொருந்தலாம்; பல்லாண்டு வியாதிக்குப் பொருந்தாது.

இரத்தம் கண்டவுடன் மூலம் என்று தாமே தீர்மானித்து, சுவரொட்டி பார்த்துப் போகாதீர். நம் நாட்டில் குடற்காசநோயும் கிரோன் வியாதியைப் போலவே தோன்றும். இரண்டையும் சதைத்துணுக்குச் சோதனையால் பிரித்தறியும் வழியை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 1999-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். காசநோயாளிக்கு அழற்சி மருந்தைத் தனியே கொடுத்தால் காசம் பரவும். ஆகவே சரியான பரிசோதனை முதற்கடமை. நம் சூரமங்கலத்துச் சேலம் சந்திப்பில் ரயிலேறினால் வேலூருக்குரிய காட்பாடி சில மணி நேரப் பயணமே. சேலத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவை குறைந்துள்ளனவா என்றும் அங்கே கேட்டறிக. உடம்பு தேறியவுடன் மருந்தை நாமாக நிறுத்துதல் கூடாது; அடங்கிய வியாதி அதனாலேயே மீளக் கிளம்புகின்றது.

இறுதியாக ஒன்று. பெண்ணுக்கு வரன் அமையாதென்று அஞ்சி நம் குடும்பங்களில் இவ்வியாதியை மறைக்கின்றனர். மறைவில் மருந்து நிற்கின்றது. கலியாணமான வீட்டில் மாத்திரையை ஒளித்து உண்ண வேண்டியதாகின்றது. வியாதி அடங்கியிருக்குங்கால் கருவுறுவோர் பெரும்பாலும் சுகமாய்ப் பிரசவிக்கின்றனர். இவ்வுண்மையைப் பெரியோர் அறிந்து, பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் மனந்திறந்து பேச இடங்கொடுத்தால், பந்தியில் ஒரு பிள்ளை ‘இது எனக்கு ஒவ்வாது’ என்று சொல்லும்போது வற்புறுத்தாமலும் ஏளனஞ் செய்யாமலும் இருந்தால், அதுவே சங்கத்தாராகிய நாம் செய்யக்கூடிய வைத்தியம்.

தாய்மார்களே! நோயுற்ற பிள்ளையின் இலையிலிருந்து ஒன்றை எடுக்குமுன், அதற்கு ஈடாக எதை வைக்கப்போகின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். ஈடு வைக்காத பத்தியம் பத்தியமன்று, பட்டினியே ஆகும்.