நாவலர் என்னும் பள்ளிக்கூட வாத்தியார்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)





நல்லூர் ஆறுமுக நாவலரைப் பற்றி இச்சபையிலுள்ள பெரியோர்களுக்கு நான் புதிதாகச் சொல்லக்கூடியது மிகச் சிறிது. அவர் பிரசங்கி, பதிப்பாசிரியர், சைவக் காவலர் என்பவற்றை எல்லாரும் அறிவோம். நான் இன்று பேச விரும்புவது அவருடைய இன்னொரு தொழிலைப் பற்றி. அவர் பள்ளிக்கூட வாத்தியார். மிஷன் பாடசாலையில் படித்த நான் நாவலரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். நாவலரும் மிஷன் பாடசாலையில் படித்தவரே. அந்தத் துணிவிலேதான் இங்கே நிற்கிறேன்.

1822 ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்த அவர், திண்ணைப் பள்ளியிலும் தமிழ்ப் புலவர்களிடத்தும் கற்றபின், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றார். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. கற்ற இடத்திலேயே ஆசிரியருமானார். பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்கு உறுதுணையாக இருந்தார். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அதே ஆண்டில் அந்த உத்தியோகத்தையும் விட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. ஏறக்குறைய என் வயதுதான். இதை நினைக்கும்போது எனக்கு வெட்கமும் ஊக்கமும் ஒருங்கே உண்டாகின்றன.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளியிலே பிள்ளை நிகண்டையும் நீதிநூலையும் முதலில் மனனம் பண்ணும். பொருள் பின்னாலே வரும், சிலருக்கு வராமலே போகும். மிஷன் பாடசாலையிலோ வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஏற்ற அச்சுப் புத்தகம் கொடுத்துக் கற்பித்தார்கள். நாவலர் இரண்டையும் உள்ளிருந்து கண்டவர். மிஷனாரிமாரின் சமயத்தை அவர் ஏற்கவில்லை. அவர்களுடைய கற்பிக்கும் ஒழுங்கை ஏற்றுக்கொண்டார். நல்லது எங்கிருந்து வந்தாலும் பிள்ளைக்கு உதவுமாயின் அதனை எடுத்துக்கொள்வது ஆசிரியனுக்கு இழிவாகாது.

அந்த ஒழுங்கிலே பிறந்தவையே அவருடைய பாலபாடங்கள். எளிய சொற்களிலே தொடங்கி, சிறு வசனங்களுக்குச் சென்று, பின்னர் நீண்ட கட்டுரைகளுக்குப் பிள்ளையைப் படிப்படியாகக் கொண்டு செல்கின்றன. அவற்றை அச்சிடுவதற்கு வேண்டிய யந்திரத்தை 1849 இல் சென்னைக்குச் சென்று வாங்கி வந்தார். செய்யுளாயிருந்த பெரியபுராணத்தை 1852 இல் வசனமாக எழுதி வெளியிட்டார். சந்திகளைப் பிரித்தும், நிறுத்தக் குறிகளை இட்டும் எழுதினார். இலக்கணக் கடலான அவருக்குச் சந்தி சேர்த்து எழுதத் தெரியாமலா? வாசிப்பவன் இடறி விழக்கூடாது என்பதற்காகவே பிரித்தார்.

இதன் அருமையை நான் புத்தகத்தில் வாசித்து அறியவில்லை. ஒரு பிழை செய்தே அறிந்தேன்.

நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலே சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பைச் சென்ற ஆண்டு எனக்குத் தந்தார்கள். பல்கலைக்கழக மாணவன் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சம் கூடுதல். முதற் பாடத்தை நானே எழுதிப் பிரதிபண்ணிக் கொடுத்தேன். அதிலே ஒரு வரி: "பெரியோரைப்போற்றியொழுகுதலெல்லார்க்குங்கடனாகும்." ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். பாதியில் நின்றான்; மறுபடி தொடங்கினான்; மறுபடியும் நின்றான். "தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிலே அமர்ந்தான்.

வகுப்பு முடிந்தபின், பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, பிள்ளைக்கு வாசிக்கத் தெரியேல்லையோ, உமக்கு எழுதத் தெரியேல்லையோ?" என்றார். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பையன் அடுத்த மூன்று கிழமையும் வரவில்லை. வீடு தேடிப் போனேன். அவனுடைய தாயார், "தனக்குப் படிப்பு ஏறாதாம் எண்டு சொல்லுறான், தம்பி" என்றார். அவன் அதனை யாரிடம் கற்றான் என்பது எனக்குத் தெரியும். நான் ஒரே நாளிலே கற்பித்த பாடம் அது. அன்றிரவு நாவலருடைய பாலபாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் பாடத்தைத் திரும்ப எழுதினேன். "பெரியோரைப் போற்றுங்கள்" என்று எழுதப் பத்து நிமிடம் யோசித்தேன். புதிய தாளைக் கொண்டுபோய் அவன் வீட்டுத் திண்ணையிலே இருந்து அவனோடு சேர்ந்து வாசித்தேன். அடுத்த ஞாயிறு வந்தான்.

சகோதரர்களே, நாவலரைப் போற்றும்போது ஓர் உண்மையை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. சாதி ஆசாரத்திலே அவர் தம் காலத்து வரம்பைக் கடக்கவில்லை. ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்ற காலம் அது. பிள்ளைக்காகச் சொல்லைப் பிரித்து எழுதியவர் அந்த வேலியைப் பிரிக்கவில்லை. அவர் 1879 இல் மறைந்து ஐம்பது ஆண்டு சென்றபின், 1929 இல், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதையடுத்து யாழ்ப்பாணத்திலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடத்தையே எரித்தவர்கள் நம்மவர்களே.

இதைச் சொல்வது பழையவர்களைக் குற்றஞ் சாட்டுவதற்காக அன்று. நாவலர் மிஷனாரிமாரிடம் கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளினார். நாமும் அவரிடத்தில் அவ்வாறே செய்யலாம். சம்பளத்தை விட்டு வந்த அவருடைய துறவைக் கொள்வோம். மணஞ் செய்யாது வாழ்நாள் முழுவதையும் கல்விக்குக் கொடுத்த உறுதியைக் கொள்வோம். பிள்ளையின் நிலைக்கு இறங்கி வந்து எழுதிய அந்தப் பணிவைக் கொள்வோம். அவர் விட்ட வேலியை நாம் பிரிப்போம்.

நமது ஞாயிறு வகுப்பிலே எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை ஆண்டறிக்கையிலே எழுதுகிறோம். இனிமேல், வந்து நின்றுபோன பிள்ளைகளையும், ஒருநாளும் வராத ஒழுங்கைகளையும் சேர்த்து எழுதுவோம். சாதியால் நின்றவர் இருக்கலாம். வறுமையால் நின்றவர் இருக்கலாம். என்னைப் போன்ற ஒருவரின் ஒரு சொல்லால் நின்றவரும் இருக்கலாம். அவர்களுடைய வீட்டுக்கு நாம் நடந்து போகவேண்டும். என்னோடு வர விரும்பும் இளைஞர்கள் இக்கூட்டம் முடிந்ததும் பெயர் தாருங்கள்.

நான் தலைகுனிய வைத்த அந்தப் பையன் இன்று முன்வரிசையிலே இருக்கிறான். அவன் முன்னிலையில் இதைச் சொல்ல எனக்கு அனுமதி தந்தவனும் அவனே. அவனுக்கு என் நன்றி.