வளர்ச்சி என்னும் ஒரு சொல்

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நாள்தோறும் எதிர்ப்படும் சொற்கள் சில உண்டு. 'குரோத்', 'டெவலப்மெண்ட்' என்னும் இரண்டும் அவற்றுள் தலையாயவை. இரண்டுக்குமே வளர்ச்சி என்று எழுதிவிட்டு மேலே செல்வது எங்களுள் பலருக்கு வழக்கம். அவை தனித்தனியே வரும்வரை எவரும் குறை கூறார். ஒரே தொடரில் இரண்டும் வந்துவிட்டால்தான் இடர்ப்பாடு.

1966ஆம் ஆண்டில் ஆய்வாளர் நால்வர், ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவின் பொருளாதாரத்தை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். 'டெவலப்மெண்ட் இல்லாத குரோத்' என்பது அதன் தலைப்பு. நம் வழக்கப்படி பெயர்த்தால் 'வளர்ச்சி இல்லாத வளர்ச்சி' என்றாகும்! நேயர்கள் நகைக்கலாம், ஆனால் அத்தலைப்பு கூறும் செய்தி நகைப்புக்குரியதன்று. இரும்புத் தாதுவும் ரப்பரும் அந்நாட்டிலிருந்து கப்பலேறின. வருமானக் கணக்கு விரைந்து உயர்ந்தது. பெரும்பாலான மக்களின் வாழ்க்கையோ அதற்கேற்ப மாறவில்லை. நடந்தது குரோத், நடவாமற் போனது டெவலப்மெண்ட். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிட்டால் அந்நூலின் வாதமே மறைந்துவிடும்.

சொற்களின் பிறப்பும் வேறு வேறு. குரோத் என்பதும், பசுமையைக் குறிக்கும் 'கிரீன்' என்பதும் ஒரே வேரினின்று கிளைத்தவை. பொருளியலார் கையில் அது அளவைக் குறிக்கும் சொல்லாயிற்று. டெவலப்மெண்ட் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. பொதிந்து கிடப்பதை அவிழ்த்தல் என்பது அதன் பழம்பொருள். புகைப்படச் சுருளில் மறைந்துள்ள உருவத்தை வெளிக்கொணர்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நம் ஸ்டூடியோக்காரர்கள் அதைப் 'படம் கழுவுதல்' என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் எவரையும் கேட்டு அவ்வாறு சொல்லவில்லை!

தமிழில் சொற்பஞ்சம் இல்லை. முன்னாளில் டெவலப்மெண்டுக்கு அபிவிருத்தி என்பது வழங்கிற்று. இலங்கைத் தமிழர் இன்றும் அதைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் அதன் இடத்தில் வளர்ச்சி வந்தமர்ந்தது. 'வட்டார வளர்ச்சி அலுவலர்' என்ற பதவிப் பெயரை இனி மாற்றுவது எளிதன்று, மாற்றவும் வேண்டா. பின்னர் மேம்பாடு என்ற சொல் பரவிற்று. 1985இல் தில்லியில் அமைந்து, 2020இல் கல்வி அமைச்சகம் எனப் பெயர் மாறிய அமைச்சகத்தை 'மனிதவள மேம்பாட்டு அமைச்சகம்' என்றே தமிழில் எழுதிவந்தோம். குரோத்துக்கு வளர்ச்சி, டெவலப்மெண்டுக்கு மேம்பாடு என்பதே என் கட்சி. மக்கள்தொகைக்கு மட்டும் பெருக்கம் பொருந்தும்.

எண்களோடு சேரும்போது இன்னொரு குழப்பம் நேர்கிறது. 'வளர்ச்சி 8 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தது' என்று செய்தியில் கேட்பவர், விளைவே குறைந்துவிட்டதென்று எண்ணுகிறார். 100 மூட்டை நெல் கண்ட நிலம் அடுத்த ஆண்டு 108 மூட்டையும், அதற்கடுத்த ஆண்டு 114 மூட்டைக்குச் சற்று மேலும் தந்ததாகக் கொள்வோம். நெல் குறையவில்லை, ஏறும் வேகமே குறைந்தது. 'வளர்ச்சி வேகம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தெழுதினால் குழப்பம் தீரும்.

பெருந்தொற்று வந்த 2020–21ஆம் நிதியாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி மெய்யாகவே குறைந்தது. ஆங்கிலத்தில் அதை 'நெகட்டிவ் குரோத்' என்றனர். தமிழிலும் 'எதிர்மறை வளர்ச்சி' என்று எழுதப்பட்டது. தேய்பிறையை எதிர்மறை வளர்பிறை என்று எவரும் சொல்வதில்லையே! உற்பத்தி சுருங்கிற்று என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும்.