பொதிகையில் மூன்று நாள்



வித்துரா வழியாகப் போணக்காடு அடைந்தோம். வனத்துறையினர் மூட்டைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை அகற்றியபின் மூன்று நாள் நடை தொடங்கிற்று. கேரளத்தார் அகத்தியர்கூடம் என வழங்கும் அச்சிகரம் நம் பொதிகையே. உயரம் 1,868 மீட்டர். 2019 முதல் மகளிரும் ஏறுகின்றனர். எம்முடன் வந்த மூவரும் எம்மை முந்திச் சென்றனர் என்பதை மறைப்பானேன்?

அன்றிரவு அதிருமலை முகாமில், அகத்தியர் தமிழ் வளர்த்த கதையை வழிகாட்டியான காணிக்காரப் பெரியவருக்குப் பெருமையோடு விரித்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் ஈற்றைக் காட்டில் யானைத் தடத்தைக் கண்டு அவர் எம்மை நிறுத்தி, சுற்றி அழைத்துச் சென்றபோதுதான் மலையைப் படித்தவர் எவர் என உணர்ந்தோம்.

1987இல் இங்கு வந்த ஆய்வாளர்கள் சோர்ந்தபோது, உடன் வந்த காணியர் ஒரு காயை மென்று களைப்பின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஆக்கிய 'ஜீவனி' மருந்தின் உற்பத்தி உரிமை 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது. அதில் பாதி காணியருக்கென ஒதுக்கப்பட்டது. தலைமுறைகளின் அறிவுக்குப் பாதிதானா?

கயிறு பற்றிப் பாறையேறி, உச்சியில் அகத்தியர் சிலையருகே நின்றோம். கிழக்கே தாமிரபரணி பிறக்கும் சரிவு. அவ்வினாவைப் பெரியவரிடமே கேட்டோம். அவர் வானத்தை நோக்கினார்.

"மேகம் ஏறுகிறது, பாறை நனையுமுன் இறங்குவோம்" என்றார். அவர் பின்னே இறங்கினோம்.