நிறுக்கப்பட்டோர் யாவர்?





அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 2018ஆம் ஆண்டில் ‘ஓல் ஒவ் அஸ்’ என்னும் பெருந்திட்டத்திற்குப் பொதுமக்களைச் சேர்க்கத் தொடங்கின. ‘நாம் எல்லோரும்’ என்பது அதன் பொருள். பத்து இலட்சம் பேரைச் சேர்ப்பதும், முன்னைய ஆய்வுகளிற் புறக்கணிக்கப்பட்டோருக்கு இடமளிப்பதும் அதன் நோக்கங்கள்.

அத்திட்டத்திற் சேர்ந்து, மணிக்கட்டில் ஃபிட்பிட் என்னும் கருவியை அணிந்திருந்த 6,042 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. அவர்கள் நாடோறும் நடந்த அடிகளைக் கருவி எண்ணியது. நோய்களை வைத்தியப் பதிவேடுகள் காட்டின. கூட நடந்தோரிடம் மிகைப்பருமனும், சலரோகமும், உயர் குருதியமுக்கமும் குறைவாகத் தோன்றின என்பது முடிவு.

நல்ல செய்திதான். ஆயினும் நடந்தவர் யாவர்? நூற்றுக்கு 73 பேர் பெண்கள். 84 பேர் வெள்ளை இனத்தவர். 71 பேர் பட்டம் பெற்றவர். காரணம் எளிது. தம்மிடம் ஏற்கெனவே இருந்த கருவியைக் கொண்டே அவர்கள் ஆய்விற் சேர்ந்தனர். கருவி இல்லாதவன் எவ்வளவு நடந்தாலும் கணக்கில் வரமாட்டான். ‘நாம் எல்லோரும்’ என்ற வாயிலினுள்ளே வசதியுடையோரே பெரிதும் நுழைந்தனர்.

இனி அவர்களின் உடல் நிறையைப் பார்ப்போம். கிலோகிராமில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது உடற்றிணிவுச் சுட்டி. அவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சுட்டி 28.1. அதாவது 160 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ நிறையும் உடையவர் போன்றவர். பொது அளவுகோலில் 25 மிகைநிறை, 30 மிகைப்பருமன். ஆகவே அவர் மிகைநிறை உடையவர் மாத்திரமே. ஆனால் ஆசிய மக்களுக்கு 23உம் 27.5உம் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளத்தக்கவை என உலகச் சுகாதார நிறுவன நிபுணர் குழு 2004இல் கூறியது. குறைந்த நிறையிலேயே சலரோகம் நம்மவரைப் பற்றுவதே காரணம். ஒரே எண், ஆளுக்கேற்பப் பொருள் மாறுகிறது.

என் தாய்மாமனார் ஒருவர் மெலிந்த தேகத்தினர். “பருத்தவனுக்கன்றோ சலரோகம்!” என்று சிரிப்பார். கண் மங்கிய பின்னரே குருதியைச் சோதித்தார். பிறரை நிறுத்த தராசினால் தம்மை நிறுத்ததன் பலன் அது.

ஆய்வுகளை இகழ வேண்டுமென நான் கூறவில்லை. நடப்பது நன்றே, நடப்போம். ஆனால் எந்த ஆய்வின் முடிவைப் படிக்குமுன்னரும் அதன் முதல் அட்டவணையைப் படியுங்கள். வயதென்ன, பாலென்ன, இனமென்ன, கல்வியென்ன, நிறையென்ன என்று கேளுங்கள். நம்மூரில் ஆய்வாளர் கதவைத் தட்டினால், வேலையிருக்கிறதென்று அனுப்பிவிடாதீர்கள். எண்ணப்படாதவனுக்கு ஏற்ற மருந்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.